8.55க்குப் போய்ச் சேர்ந்தோம்: வெளிநாட்டுப் பயணத்தின் மிச்சக் கணக்கு

ஜூன் மாதம் சிங்கப்பூரும் மலேசியாவும் போய்த் திரும்பிய மறுநாள் காலை, திண்ணையில் உட்கார்ந்து சாக்லேட்டை வீடுவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். அடுத்த தோட்டத்து அண்ணன் வந்தார். அவர் 2019இல் அதே ஊர்களுக்குப் போய்வந்தவர். ஒன்றைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டே, “ராத்திரி பெரிய பெரிய மரமா லைட் எரியுமே, பாத்தீங்களா?” என்றார். “பாத்தோமுங்க, கடைசில கொஞ்சம்” என்றேன். “கொஞ்சமா?” என்று இழுத்தார். அவ்வளவுதான். நன்றாகச் சுற்றிவிட்டு வந்ததாக நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு, அதற்கப்புறம் விட்டுவிட்டு வந்ததெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வர ஆரம்பித்தது.

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. வீட்டில் தமிழ், ஆபீஸில் மலையாளம். கிழக்கே வண்டியை விட்டால் கொஞ்ச நேரத்தில் வேலந்தாவளம் சோதனைச்சாவடி, அதைத் தாண்டினால் கோயம்புத்தூர் மாவட்டம். பயணம் போன 24 பேரில் பாதிப் பேர் முதலமடைப் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர்கள், மற்றவர்கள் தென்னைக்காரர்கள், என்னைப் போல ஓய்வுபெற்ற வாத்தியார்கள் இரண்டு மூன்று பேர். மாங்காய் சீசன் முடிந்து கையில் காசு புழங்குகிற நேரம். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு விசா தேவையில்லை என்று மலேசியா அறிவித்ததும் சேர்ந்துகொண்டது. கிளம்பிவிட்டோம்.

எல்லையோரத்தில் இருப்பதில் ஒரு சௌகரியம், கிட்டத்தட்ட ஒரே மனநிலைக்கு இரண்டு மொழியில் சொல் கிடைக்கும். மலையாளத்தில் ‘நஷ்டபோதம்’ என்பார்கள். ஏதோ கைவிட்டுப் போய்விட்டது என்கிற உணர்வு. எது போனது என்று கேட்டால் உடனே சொல்லத் தெரியாது. தமிழில் ‘ஆதங்கம்’ என்கிறோம். ஆதங்கத்துக்குக் குறிப்பான ஒரு பொருள் உண்டு, அதைக் கொட்டித் தீர்க்க ஒரு ஆளும் வேண்டும். பயணம் முடிந்த முதல் வாரம் எங்கள் குழுவில் எல்லோருக்கும் ஆதங்கம்தான் இருந்தது. போனில் மாற்றி மாற்றிப் புலம்பினோம். நஷ்டபோதம் பின்னால் வந்தது. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை.

முதலில் அந்த லைட் கதை. சிங்கப்பூரில் ‘கார்டன்ஸ் பை த பே’ என்ற பூங்கா 2012இல் திறந்தது. அதில் இரும்பில் கட்டி மேலே செடி கொடி படரவிட்ட ராட்சத மரங்கள் நிற்கின்றன. தினமும் இரவு 7.45க்கும் 8.45க்கும் பாட்டுக்கு ஏற்ப அந்த மரங்களில் விளக்கு எரியும். பதினைந்து நிமிடக் காட்சி. டிக்கெட் கிடையாது. மரத்தடியில் மல்லாந்து படுத்துப் பார்ப்பார்களாம். நாங்கள் லிட்டில் இந்தியாவில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது ஒருவரைக் காணோம். தலைவலித் தைலம் வாங்க ஒரு கடைக்குள் போயிருக்கிறார், இரண்டு டஜன் எடுத்தால் விலை குறையும் என்று அங்கேயே நின்றுவிட்டார். பேருந்தில் 23 பேர் காத்திருந்தோம். பூங்காவுக்கு வந்து, வாசலிலிருந்து ஓட்டமும் நடையுமாக மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி 8.55. கடைசிப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் செல்போனை எடுத்து நிமிர்த்துவதற்குள் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. படுத்திருந்தவர்கள் எழுந்து முதுகில் ஒட்டியதைத் தட்டிவிட்டுக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார்கள்.

இதில் எனக்கு வியப்பாக இருப்பது வேறு. அதே பயணத்தில் கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்துக்குள்ளும் நாங்கள் போகவில்லை. 452 மீட்டர் உயரம், 88 மாடி, 41, 42ஆம் மாடிகளில் இரண்டையும் இணைக்கிற பாலம். இதையெல்லாம் கீழே பூங்காவில் நின்று அண்ணாந்து பார்த்ததோடு சரி. நாங்கள் போனது திங்கட்கிழமை. திங்கட்கிழமை பார்வையாளர்களுக்கு விடுமுறை. அப்படிப் பார்த்தால் கோபுரம்தான் பெரிய நஷ்டம். ஆனால் அதைப் பற்றி இன்றுவரை ஒருவர்கூடப் புலம்பியதில்லை. தைலக்காரரை மட்டும் இன்னும் விடுவதாக இல்லை.

ஏன் இப்படி என்பதற்கு உளவியலில் பழைய விளக்கம் ஒன்று உண்டு. டேனியல் கானமன், அமோஸ் ட்வெர்ஸ்கி இருவரும் 1982இல் ஒரு கற்பனைக் கேள்வி போட்டார்கள். இரண்டு பேர் ஒரே காரில் விமான நிலையம் போகிறார்கள், போக்குவரத்து நெரிசலில் மாட்டி அரைமணி தாமதமாகிவிடுகிறது. ஒருவருடைய விமானம் சரியான நேரத்துக்கே போய்விட்டது. இன்னொருவருடையது தாமதமாகி, ஐந்து நிமிடத்துக்கு முன்புதான் கிளம்பியது. யாருக்கு வயிற்றெரிச்சல் அதிகம்? 100க்கு 96 பேர் ஐந்து நிமிடக்காரரைத்தான் சொன்னார்கள். இருவர் இழந்ததும் ஒன்றுதான், இருவரும் விமானத்தைப் பிடிக்கவில்லை. ஆனால் ஐந்து நிமிடத்தை மனசு எளிதாக அழித்து எழுதிப் பார்க்கும்: அந்த சிக்னலில் நிற்காமல் இருந்திருந்தால், பெட்டி தூக்க ஆள் கிடைத்திருந்தால். அரைமணியை அப்படி அழிக்க முடியாது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான். கைக்கே எட்டாத பழத்தைப் புளிக்கும் என்று சொல்லி விட்டுவிடுகிறோம்.

திங்கட்கிழமையை அழித்து எழுத எங்களால் முடியவில்லை. தேதி போட்டது, டிக்கெட் எடுத்தது, எல்லாம் ஏப்ரல் மாதமே முடிந்த வேலை. இரண்டு டஜன் தைலத்தை எவ்வளவு சுலபமாக அழித்துவிடலாம்!

ஆனால் பழியை முழுக்கத் தைலத்தின் மேல் போடுவது நியாயமில்லை. ஐந்து இரவு, ஆறு பகல் பேக்கேஜ் என்பது எப்படிக் கட்டப்படுகிறது என்று பார்த்தால், ஏதாவது ஒன்று தவறிப்போகும்படிதான் அது அமைந்திருக்கிறது. டயரி எழுதுகிற பழக்கம் எனக்கு உண்டு. வீட்டிலிருந்து கிளம்பி வீடு வந்து சேர்கிற வரை 144 மணி நேரம். ஊருக்கு வந்தபின் குறித்திருந்ததையெல்லாம் கூட்டிப் பார்த்தேன். ஓட்டலில் தூக்கம், குளியல், லாபியில் ஒருவருக்கொருவர் காத்திருந்தது 45 மணி நேரம். விமானம், விமான நிலையம், இங்கே வேன் ஓட்டம் 28. அங்கே பேருந்துக்குள் 30. சாப்பாடு 14. கடைகளில் 7. மிச்சம் 20 மணி நேரம். அதற்குள்தான் இரண்டு நாடும். ஆளுக்கு 85 ஆயிரம் கட்டியிருந்தோம். நாங்கள் பார்த்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும் நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய் என்று கணக்கு வந்தபோது, அதை வீட்டுக்காரியிடம் சொல்லவில்லை.

ஏன் இவ்வளவு நேரம் பேருந்தில்? ஓட்டல் ஊரின் நடுவில் இருந்தால் வாடகை கூடும், அதனால் விளிம்பில் போடுகிறார்கள். மதியமும் இரவும் சோறு, சாம்பார், ரசம் வேண்டும் என்று நாங்களே கேட்டோம். அதற்காக எங்கிருந்தாலும் பேருந்து இந்திய ஓட்டலைத் தேடி வரவேண்டும். ஓட்டுநரின் வேலை நேரத்துக்கு வரம்பு உண்டு, தாண்டினால் தனிக் காசு. சாக்லேட் கடை, நகைக்கடை என்று நடுநடுவே நிறுத்துவது, விற்றதில் கமிஷன் கிடைக்கும் என்பதால். அந்தக் கமிஷனை வைத்துத்தான் பேக்கேஜின் விலையே குறைகிறது. இதில் ஏமாற்று என்று எதுவும் இல்லை. குறைந்த விலை என்று கேட்டது நாங்கள்தான்.

பேக்கேஜ் தாளைப் படிக்கவும் ஒரு பழக்கம் வேண்டும், அது எங்களுக்கு இல்லை. ‘போட்டோ ஸ்டாப்’ என்றால் பேருந்து கால் மணி நேரம் நிற்கும், இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு ஏறவேண்டும். ‘பனோரமிக் டூர்’ என்றால் ஜன்னலோடு சரி. ‘விசிட்’ என்றால் இறங்கலாம், ஆனால் உள்ளே போகிற டிக்கெட் உங்கள் செலவு. ‘என்ட்ரி டிக்கெட்டோடு’ என்று எழுதியிருந்தால்தான் உள்ளே. ‘ஆப்ஷனல்’ என்றால் தனிக் காசு, போதுமான ஆள் சேராவிட்டால் கிடையாது. எங்கள் தாளில் இரட்டைக் கோபுரத்துக்கு நேராகப் போட்டோ ஸ்டாப் என்றுதான் தெளிவாக இருந்தது. வாசித்த 24 பேரும் அதை ‘பார்ப்போம்’ என்று எடுத்துக்கொண்டோம். கோவில் வாசலில் நின்று கும்பிட்டுவிட்டு வருவதும் தரிசனம்தானே என்று நினைக்கிற ஆட்கள் நாம்.

சாப்பாட்டு விஷயத்தில் நான் நடந்துகொண்டது எனக்கே பிடிக்கவில்லை. சிங்கப்பூரின் ஹாக்கர் சென்டர்களை, அதாவது பல நாட்டுச் சாப்பாட்டுக் கடைகள் ஒரே கூரைக்குள் இருக்கிற இடங்களை, 2020இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது. எங்கள் ஓட்டலுக்கு எதிரிலேயே ஒன்று இருந்தது. மூன்று ராத்திரியும் அதன் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே பேருந்தில் ஏறி, முக்கால் மணி நேரம் போய், நம் ஊர் கல்யாணப் பந்தியைவிடச் சுமாரான ஒரு சாம்பாரைச் சாப்பிட்டோம். காசு கட்டியாச்சு, விட மனசு வரவில்லை. இதற்கும் ஒரு சோதனை உண்டு. ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் ப்ளூமர் என்ற இருவர் 1985இல் கேட்டது: 100 டாலர் கட்டி ஓர் இடத்துக்குப் பனிச்சறுக்குப் பயணம், 50 டாலர் கட்டி இன்னோர் இடத்துக்கு, இரண்டாவதுதான் உங்களுக்கு அதிகம் பிடிக்கும், இரண்டும் ஒரே தேதியில் வந்துவிட்டது, பணம் திரும்பாது. எதற்குப் போவீர்கள்? பாதிக்கு மேற்பட்டவர்கள் 100 டாலர் பயணத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். பிடித்ததை விட்டுவிட்டு, காசு அதிகம் போனதை! எங்கள் சாம்பாருக்கும் அந்த 100 டாலருக்கும் அதிக வித்தியாசம் இல்லை.

பத்துமலையில் நடந்தது வேறு வகை. கோலாலம்பூருக்கு வெளியே சுண்ணாம்புக் குன்று, அதன் வயிற்றில் குகை, குகைக்குள் முருகன். வாசலில் 2006இல் திறந்த 42.7 மீட்டர் சிலை. பக்கத்தில் 272 படி, 2018இல் வானவில் மாதிரி வர்ணம் அடித்திருக்கிறார்கள். எங்களுக்குக் கொடுத்த நேரம் 45 நிமிடம். அதில் அரைமணி நேரம் சிலைக்கு முன்னால் ஆளுக்கு ஆள் படம் எடுப்பதிலேயே போயிற்று. தலை தெரியும்போது சிலையின் கால் தெரியவில்லை, கால் தெரியும்போது வேல் முனை தெரியவில்லை. கடைசியில் படியேறியவர்கள் ஆறே ஆறு பேர். அதில் ஒருவர் அறுபத்தெட்டு வயது அக்கா, இரண்டு முழங்காலும் வலி. அவர் எந்தப் படமும் எடுக்கவில்லை, அவரிடம் போனே கிடையாது. இறங்கி வந்தவர் குகைக்கு நடுவில் மேலே ஒரு பொத்தல் இருப்பதையும், அது வழியாக வெயில் விழுந்து தரையில் ஓர் ஈரத் திட்டு மின்னியதையும், ஒரு குரங்கு யாரோ ஒருவரின் தேங்காய் மூடியைத் தூக்கிக்கொண்டு போனதையும் சொன்னார். அதற்கப்புறம் பேருந்தில் அரைமணி நேரம் யாரும் பேசவில்லை.

படம் எடுத்தால் ஞாபகம் நிற்கும் என்றுதான் எடுக்கிறோம். அமெரிக்காவில் லிண்டா ஹென்கெல் என்பவர் ஓர் அருங்காட்சியகத்துக்கு மாணவர்களைக் கூட்டிப்போய், சில பொருள்களை வெறுமனே பார்க்கவும் சிலவற்றைப் படம் எடுக்கவும் சொன்னார். மறுநாள் கேட்டபோது, படம் எடுத்த பொருள்கள்தான் ஞாபகத்தில் குறைவாக இருந்தன. முடிவுகள் 2014இல் வெளியாயின. ஒரு விதிவிலக்கையும் அவர் கண்டார்: பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருக்கிப் படம் எடுத்தவர்களுக்கு ஞாபகம் குறையவில்லை. வேல் முனையை மட்டும் எடுத்திருக்கலாம் போல.

நடுவில் ஒன்று. அந்தச் சிலையைவிட உயரமான முருகன் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் 146 அடியில் நிற்கிறார், 2022இல் குடமுழுக்கு. இரண்டையும் செய்தது ஒரே சிற்பி. எங்கள் ஊரிலிருந்து காலையில் கிளம்பினால் சாயங்காலம் திரும்பிவிடலாம். 24 பேரில் யாரும் இன்னும் போகவில்லை. அதற்காக யாரும் வருத்தப்படவும் இல்லை.

இங்கேதான் நான் சொல்ல நினைப்பது வருகிறது. எங்கள் பேருந்து ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூரிலிருந்து மலேசியாவுக்குள் போனது. ஜூன் மாதம் சிங்கப்பூரில் பள்ளி விடுமுறை. இரண்டு நாட்டுக்கும் நடுவே கடல்மேல் போட்ட பாலம் ஒரு கிலோமீட்டர்தான், அதைத் தாண்ட மூன்று மணி நேரம் ஆயிற்று. தினம் சுமார் மூன்று லட்சம் பேர் கடக்கிற எல்லை அது. மலேசியப் பக்கத்து ஜொகூர்க்காரர்கள் பைக்கில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார்கள். சிங்கப்பூர்க்காரர்கள் மளிகை வாங்கவும், முடி வெட்டவும், பெட்ரோல் போடவும் இந்தப் பக்கம் வருகிறார்கள். பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள் என்பதால், சிங்கப்பூர் வண்டி வெளியே போகும்போது டாங்கில் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்கவேண்டும் என்று அந்த நாட்டில் சட்டமே இருக்கிறது. அதைக் கேட்டதும் எங்கள் பேருந்தே சிரித்தது. கேரளத்தைவிடத் தமிழ்நாட்டில் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு என்று வேலந்தாவளம் தாண்டிப் போய் பெட்ரோல் போடாதவர் எங்களில் யார்?

பைக்கில் வரிசையில் நின்றவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர்கள் தினமும் வருகிறார்கள். அந்த லைட் காட்சியை ஒரு தடவைகூடப் பார்க்காதவர்கள் அவர்களில் எத்தனையோ பேர் இருப்பார்கள். பார்க்கவில்லையே என்று அவர்களில் யாரும் தூக்கம் இழக்கமாட்டார்கள், நாளைக்கும் வரத்தானே போகிறார்கள். நாங்களும் அப்படித்தான். ஹைதர் அலி 1766இல் கட்டிய பாலக்காட்டுக் கோட்டைக்குள் போகாமலே கோட்டை மைதானத்தில் பஸ் ஏறுகிறோம். கோயம்புத்தூருக்கு வாரம் இரண்டு தடவை போகிறோம், அங்கே காஸ் வன அருங்காட்சியகம் என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. ஆதங்கத்தைத் தீர்மானிப்பது தூரமும் இல்லை, பார்க்காமல் விட்ட இடத்தின் பெருமையும் இல்லை. இன்னொரு தடவை வருவோமா என்கிற கேள்விதான். மாந்தோப்புக்காரர் ஒருவர் பேருந்திலேயே சொன்னார்: “இனி எங்கீங்க வரப்போறம், இதோட சரி.” அந்தச் சொல்லைச் சொன்னவுடனே, பார்த்ததெல்லாம் பின்னால் போய் பார்க்காததெல்லாம் முன்னால் வந்துவிடுகிறது.

இதற்கு நேர் எதிரானவன் என் அக்கா மகன். துபாயில் பதினோரு வருடம் வேலை. புர்ஜ் கலீஃபா, 828 மீட்டர், 2010 ஜனவரியில் திறந்தது. அவன் தங்கியிருந்த அறையின் மொட்டைமாடியிலிருந்து தினம் தெரியும். ஒரு தடவைகூட உள்ளே போனதில்லை. டிக்கெட் காசை ரூபாயில் பெருக்கிப் பார்ப்பான், ஒரு மாத ரேஷனாகத் தெரியும், விட்டுவிடுவான். அடுத்த வாரம் போகலாம் என்று இருந்து, 2020இல் வேலை போய் ஒரே வாரத்தில் கிளம்பவேண்டி வந்தது. நாங்கள் ஊருக்கு வந்து கதை சொன்ன அன்று அவனும் உட்கார்ந்திருந்தான். “மாமா, நீங்க ஆறு நாள்ல பாத்ததுகூட நான் பதினோரு வருசத்துல பாக்கல” என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். திரைகடல் ஓடியும் திரவியம் தேடு என்றுதான் நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஓடிப் போன இடத்தைக் கொஞ்சம் சுற்றிப் பார் என்று ஒளவையார் சேர்த்திருந்தால் அவன் போயிருப்பான்.

காலம் போகப் போக ஆதங்கம் ஆளை மாற்றிக்கொள்ளும். முதல் மாதத்தில் எங்களுக்குச் செய்ததைப் பற்றிய வருத்தம்தான்: நாலு கிலோ சாக்லேட் எதற்கு, அந்தக் கைக்கடிகாரம் இரண்டாம் வாரமே நின்றுவிட்டது, விமான நிலையத்தில் எடை கூடி எல்லோர் முன்னாலும் பெட்டியைத் திறந்து துணியை எடுத்து மேலே போட்டுக்கொண்ட கண்றாவி. கடைசி நாள் இப்படி முடிந்ததால் பயணம் முழுவதுமே கசந்த மாதிரி ஆகிவிட்டது. ஓர் அனுபவத்தை அதன் உச்சத்தையும் முடிவையும் வைத்தே மனசு மதிப்பெண் போடுகிறது, எவ்வளவு நேரம் நடந்தது என்பதை அவ்வளவாகக் கணக்கில் எடுப்பதில்லை என்று முன்னே சொன்ன கானமனும் மற்றவர்களும் 1993இல் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அந்த வகை வருத்தம் சீக்கிரம் ஆறிவிடும். கடிகாரத்தைப் பேரன் விளையாட எடுத்துக்கொண்டான், பெட்டியைத் திறந்தது இப்போது சிரிப்புக் கதை. ஆறாமல் கிடப்பது செய்யாததைப் பற்றியது. டாமஸ் கிலோவிச், விக்டோரியா மெட்வெக் என்ற இருவர் 1990களில் இதைத்தான் ஆராய்ந்தார்கள்: அண்மையில் நடந்ததில் செய்தது வலிக்கும், வாழ்நாளைத் திரும்பிப் பார்க்கையில் செய்யாதது வலிக்கும். செய்துவிட்டதற்கு ஒரு முடிவு இருக்கிறது, எப்படியாவது சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். செய்யாததற்கு முடிவே கிடையாது, இப்படி நடந்திருக்குமோ அப்படி நடந்திருக்குமோ என்று அது வளர்ந்துகொண்டே போகும்.

என்னுடையது ஒன்று அப்படி வளர்கிறது.

பத்துமலையில் படியேறாமல் கீழேயே நின்றவர்களில் நானும் ஒருவன். ஒரு டீக்கடையில் எங்கள் வழிகாட்டியோடு நின்றிருந்தேன். மலேசியாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்த் தம்பி. “பசியாறிட்டீங்களா ஐயா?” என்று கேட்டுவிட்டு, கடைக்காரரிடம் “எத்தனை வெள்ளி?” என்றான். ரிங்கிட்டை அங்கே தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். அந்தச் சொல்லை நான் அதற்கு முன்பு ஒரே ஓர் இடத்தில்தான் பார்த்திருந்தேன். எங்கள் தாத்தாவின் தம்பி சின்ன வயதிலேயே ரப்பர்த் தோட்ட வேலைக்கு மலாயா போனவர். பால்மரம் வெட்டப் போனார் என்று பாட்டி சொல்வாள். 1958இல் அவர் அனுப்பிய ஒரு கடிதம் எங்கள் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. “இத்துடன் இருபது வெள்ளி அனுப்பியிருக்கிறேன், அம்மாவுக்குக் கண்ணாடி மாற்றவும்” என்று ஒரு வரி. உறையின் பின்புறம் ஒரு தோட்டத்தின் பெயர், கீழே பத்தாங் பெர்ஜுந்தை, சிலாங்கூர். அதற்கப்புறம் கடிதம் எதுவும் வந்ததாகத் தெரியவில்லை.

சிலாங்கூரில்தான் நின்றுகொண்டிருந்தேன். கேட்டிருக்கலாம். “தம்பி, பத்தாங் பெர்ஜுந்தை இங்கிருந்து எவ்வளவு தூரம்?” ஒரே ஒரு வாக்கியம். வாய் வரை வந்தது. தூரமாக இருந்துவிட்டால், நம் ஒருவனுக்காக 23 பேரைக் காக்க வைப்பதா என்று நினைத்தேன். தைலக்காரரை எல்லோரும் திட்டியது வேறு ஞாபகத்தில் இருந்தது. டீயைக் குடித்துவிட்டுப் பேருந்தில் ஏறிவிட்டேன்.

அன்று சாயங்காலம் ஓர் ஆப்ஷனல் இருந்தது. கோலா சிலாங்கூர்ப் பக்கம் கம்போங் குவாந்தான் என்ற ஊரில் ஆற்றோரம் மரம் மரமாக மின்மினிப் பூச்சி. ஆயிரக்கணக்கில் ஒரே தாளத்தில் மின்னும், சின்னப் படகில் சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டு போய்க் காட்டுவார்கள். ஆளுக்கு மூவாயிரம் ரூபாய். கை தூக்கச் சொன்னார்கள். “மின்மினி நம்ம ஊர்ல இல்லையா?” என்று யாரோ கேட்க, எல்லோரும் சிரித்து, நாலே கை. ஆள் சேரவில்லை. கடைத்தெருவுக்குப் போனோம்.

ஊருக்கு வந்து, பெட்டியைத் திறந்து, உறையை எடுத்து வைத்துக்கொண்டு போன் மேப்பில் தேடினேன். அந்தப் பெயரில் ஊரே வரவில்லை. பேத்திதான் கண்டுபிடித்தாள்: 2007இல் பெயரை பெஸ்தாரி ஜெயா என்று மாற்றிவிட்டார்கள். கம்போங் குவாந்தானிலிருந்து அரைமணி நேரத் தூரத்துக்குள்தான். மூவாயிரம் ரூபாய் கொடுத்துக் கை தூக்கியிருந்தால், அந்த ஊருக்குப் பக்கத்திலேயே போய் மின்மினி பார்த்திருப்பேன். போய் என்ன செய்திருப்பேன் என்று கேட்டால் பதில் இல்லை. அந்தத் தோட்டம் இன்னும் ரப்பராக இருக்கிறதா, எண்ணெய்ப்பனை ஆகிவிட்டதா, வீட்டுமனை ஆகிவிட்டதா, எதுவும் தெரியாது. சின்னத் தாத்தா கல்யாணம் செய்தாரா என்பதுகூட எங்களுக்குத் தெரியாது. வழிகாட்டித் தம்பியை உட்கார வைத்துக் கேட்டிருந்தால், அவன் அம்மாவையோ பாட்டியையோ கேட்டு ஏதாவது சொல்லியிருப்பான். சொல்லாமலும் இருந்திருக்கலாம். அக்கா படியேறித் திரும்பி வந்தபோது அவர் கண்ணில் இருந்ததை நினைத்தால், சொல்லியிருப்பான் என்றே தோன்றுகிறது.

ஹாலந்தில் 1,530 பேரை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 2010இல் வந்தது. விடுமுறைப் பயணம் போகிறவர்களுக்கு, போகாதவர்களைவிடச் சந்தோஷம் கூடுதலாக இருப்பது கிளம்புவதற்கு முன்புதான்; போய்வந்தபின், மிக நிதானமாக ஓய்வெடுத்துத் திரும்பியவர்களைத் தவிர, இரண்டு கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பது அதன் முடிவு. எங்கள் குழுவுக்கு இது அப்படியே பொருந்தும். ஏப்ரலிலும் மே மாதத்திலும் எங்கள் ஊர் டீக்கடை கலகலத்த மாதிரி அதற்கப்புறம் கலகலக்கவில்லை. இப்போது அடுத்த கூட்டம் முறை எடுத்துக்கொண்டிருக்கிறது. வருகிற ஜூனில் முதலமடையிலிருந்து முப்பது பேர் அதே ஊர்களுக்குப் போகிறார்கள்.

அவர்களில் ஒருவர் என்னிடம் படித்த பையன், இப்போது நாற்பத்தைந்து வயது, எட்டு ஏக்கர் மாந்தோப்பு. போன வாரம் விசாரிக்க வந்தான். திங்கட்கிழமை கோபுரம் பூட்டு, ராத்திரிச் சாப்பாட்டை 8 மணிக்குள் முடி, படி ஏறுகிறவர்கள் முதலில் ஏறிவிட்டு வந்து படம் எடுக்கட்டும் என்றெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டான். கிளம்பும்போது உறையின் ஜெராக்ஸை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு பக்கமும் எடுத்து வைத்திருந்தேன், பழைய பெயருக்குக் கீழே பேத்தி புதுப் பெயரைப் பால்பாயிண்ட் பேனாவில் எழுதியிருந்தாள். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான்.

“இது பேக்கேஜ்ல வருமாங்க சார்?” என்றான்.